உபுண்டுவில் தொகுத்த 6.12 கெர்னல் பொதி, டெபியன் 12இல் நிறுவலின் கடைசிக் கட்டத்தில் நின்றுவிடுகிறது

கேள்வி

வணக்கம். என் மடிக்கணினியில் டெபியன் 12 இயங்குகிறது. அதனுடன் வரும் 6.1 கெர்னலுக்கு (இயங்குதளத்தின் கரு) பதிலாக, நீண்டகாலப் பராமரிப்புக் கிளையான 6.12ஐ நானே தொகுத்துப் பயன்படுத்த விரும்புகிறேன். மடிக்கணினியின் வேகம் இதற்குப் போதாது என்பதால், உபுண்டு 24.04 இயங்கும் மேசைக்கணினியில் 6.12.10 மூலநிரலை இறக்கி, மடிக்கணினியின் /பூட் அடைவிலிருந்து எடுத்துவந்த கன்ஃபிக் கோப்பை அதில் வைத்து, 'மேக் ஓல்ட்டெப்கன்ஃபிக்' கொடுத்தபின் 'மேக் பின்டெப்-பிகேஜி' கட்டளையால் பொதிகளை உருவாக்கினேன். தொகுப்பு தடையின்றி முடிந்தது. இமேஜ், இமேஜ்-டிபிஜி, ஹெடர்ஸ், லினக்ஸ்-லிப்சி-டெவ் ஆகிய நான்கு டெப் கோப்புகள் கிடைத்தன.

அவற்றை மடிக்கணினிக்கு மாற்றி, அடைவிலுள்ள எல்லா டெப் கோப்புகளையும் ஒரே 'டிபிகேஜி -ஐ' (டெப் பொதிகளை நிறுவும் கருவி) கட்டளையில் நிறுவினேன். இறுதியில் இரண்டு பிழைகள் வந்தன. லினக்ஸ்-இமேஜ்-6.12.10 பொதியின் நிறுவலுக்குப் பிந்தைய ஸ்கிரிப்ட் பிழைநிலை 1 உடன் முடிந்தது என்பது முதலாவது. லினக்ஸ்-லிப்சி-டெவ் பொதியின் ஏஎம்டி64 வடிவமும் ஐ386 வடிவமும் வெவ்வேறு பதிப்பில் இருப்பதால் அதை அமைக்க இயலாது என்பது இரண்டாவது. அன்றிலிருந்து பொதி மேலாளரான ஏபிடி மூலம் எதை நிறுவ முயன்றாலும் இவ்விரு பிழைகளே திரும்ப வருகின்றன.

எனக்குப் புரியாத செய்தி ஒன்றும் உண்டு. கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் பட்டியலில் 6.12.10 தெரிகிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் கணினி ஒழுங்காகத் தொடங்கி, வலையிணைப்பும் ஒலியும் வேலை செய்கின்றன. நிறுவலே தோல்வி என்று சொல்லப்படும் கெர்னல் எப்படி இயங்குகிறது? இணையவழி வகுப்புகளுக்காக வி4எல்2லூப்பேக் மாட்யூலை (மெய்நிகர் கேமராவைத் தரும் கெர்னல் துணைநிரல்) டிகேஎம்எஸ் பொதியாக (புதிய கெர்னல் வரும்போதெல்லாம் மாட்யூலைத் தானாகத் தொகுக்கும் ஏற்பாடு) வைத்திருக்கிறேன். 32 பிட் நிரல்களைத் தொகுப்பதற்காக ஐ386 கட்டமைப்பின் டெவ் பொதிகளும் இருக்கின்றன. கெர்னலை மீண்டும் தொகுத்து நிறுவிப் பார்த்தும் நிலைமை மாறவில்லை.

மறுமொழி 1

வணக்கம். உங்கள் ஐயத்துக்கான விடையிலேயே பிழையைத் தேடும் வழியும் இருப்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

டிபிகேஜி ஒரு பொதியை நிறுவும்போது முதலில் கோப்புகளை விரித்து உரிய இடங்களில் வைக்கிறது. அதன்பிறகே நிறுவலுக்குப் பிந்தைய ஸ்கிரிப்டை இயக்குகிறது. நீங்கள் பிழையைக் காணும் நேரத்தில் கெர்னல் படிமம் /பூட் அடைவுக்கும், மாட்யூல்கள் /லிப்/மாட்யூல்ஸ் அடைவுக்கும் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டன. அந்த ஸ்கிரிப்ட் தானாகப் பெரிய வேலை எதையும் செய்வதில்லை. /எட்சி/கெர்னல்/போஸ்ட்இன்ஸ்ட்.டி அடைவிலுள்ள ஹூக் ஸ்கிரிப்டுகளை ரன்-பார்ட்ஸ் என்ற நிரலின் வழியாகப் பெயர் வரிசையில் ஒவ்வொன்றாக அழைக்கிறது. உங்கள் கணினியில் அவற்றுள் முக்கியமானவை மூன்று: டிகேஎம்எஸ், இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், இசட்இசட்-அப்டேட்-கிரப்.

டெபியன் தானே வெளியிடும் கெர்னல் பொதிகள், ஒரு ஹூக் தோற்றவுடன் அங்கேயே நிறுத்திவிடும்படி ரன்-பார்ட்ஸை அழைக்கின்றன. 'பின்டெப்-பிகேஜி' உருவாக்கும் பொதிகள் அந்த நிபந்தனையைத் தருவதில்லை. எனவே முதல் ஹூக் தோற்றாலும் அடுத்தவை தொடர்ந்து இயங்குகின்றன. இனிட்ஆர்டி படிமம் (கணினி தொடங்கும்போது கெர்னலுடன் ஏற்றப்படும் சிறு கோப்புத்தொகுதி) உருவாகிறது, கிரப் பட்டியல் புதுப்பிக்கப்படுகிறது, எல்லாம் முடிந்த பின்னரே மொத்தத்தில் ஒரு தோல்வி இருந்ததாக டிபிகேஜிக்குத் தெரிவிக்கப்படுகிறது. உங்கள் கெர்னல் தொடங்குவதும் பொதி அரைகுறை நிலையில் நிற்பதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான். இதே காரணத்தால், உண்மையான பிழை கடைசி வரிக்கு அருகில் இருக்காது. இனிட்ராம்எஃப்எஸ், கிரப் ஆகியவற்றின் வழக்கமான செய்திகளுக்கு மேலே புதைந்து கிடக்கும். கடைசி வரியை மட்டும் தேடுபொறியில் இட்டு, கிடைக்கும் தீர்வுகளை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பவர்கள் நாள்கணக்கில் அலைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தோற்றது டிகேஎம்எஸ் ஹூக்தான் என்று கருதுகிறேன். 'டிபிகேஜி -ஐ' வழியாக நேரடியாக நிறுவும்போது அதன் திரைவெளியீடு ஏபிடியின் பதிவுக் கோப்பில் சேர்வதில்லை என்பதால், 'டிபிகேஜி --கன்ஃபிகர்' கட்டளையுடன் இமேஜ் பொதியின் பெயரைக் கொடுத்து மீண்டும் இயக்கி, முழு வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். அதில் ரன்-பார்ட்ஸ் என்று தொடங்கும் வரியையும், /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடைவுக்குள் அந்த மாட்யூலின் பில்ட் அடைவில் இருக்கும் மேக்.லாக் கோப்பின் முதல் பிழையையும் இங்கே இடுங்கள். முதல் பிழைதான் வேண்டும், கடைசிப் பிழை அன்று.

கேள்வி கேட்டவர்

விளக்கத்துக்கு நன்றி. நீங்கள் சொன்னபடியே நடுவில் ஒரு வரி இருக்கிறது: போஸ்ட்இன்ஸ்ட்.டி அடைவிலுள்ள டிகேஎம்எஸ் ஹூக் 11 என்ற எண்ணுடன் முடிந்ததாக ரன்-பார்ட்ஸ் தெரிவிக்கிறது. அதற்குக் கீழே இனிட்ராம்எஃப்எஸ், கிரப் செய்திகள் எந்தக் குறையுமின்றி வருகின்றன. மேக்.லாக் கோப்பில் உள்ள முதல் பிழை, வி4எல்2லூப்பேக்.சி கோப்பில் 'எஸ்டிஆர்எல்சிபிஒய்' என்ற சார்பு அறிவிக்கப்படாமல் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்றும், 'எஸ்டிஆர்எஸ்சிபிஒய்' என்பதைக் கருதினீர்களா என்றும் சொல்கிறது. மாட்யூலின் பதிப்பு 0.12.7.

மறுமொழி 2

இந்தப் பிழை உங்கள் தொகுப்பின் குறை அன்று. எஸ்டிஆர்எல்சிபிஒய் சார்பு, நகலெடுக்க வேண்டிய அளவு சிறியதாக இருந்தாலும் மூலச் சரத்தை அதன் முடிவு வரை படித்து நீளத்தைக் கணக்கிடும் இயல்புடையது. சரம் முறையாக முடிக்கப்படாமல் இருந்தால் அது தனக்குரிய எல்லையைத் தாண்டி நினைவகத்தைப் படித்துவிடும். அதனால் கெர்னல் உருவாக்குநர்கள் பல ஆண்டுகளாக அதன் பயன்பாடுகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்து, 2024 மார்ச்சில் வெளியான 6.8இல் அதை முற்றிலும் நீக்கினார்கள். டெபியன் 12இல் இருக்கும் 0.12.7 அதற்கு முந்தையது. கெர்னலின் உள் இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்ற உறுதி எதுவும் கிடையாது என்று கெர்னல் ஆவணங்களே வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆகவே 6.1க்காகப் பொதியப்பட்ட வெளி மாட்யூல் 6.12இல் தொகுபடும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

வி4எல்2லூப்பேக் திட்டத்தின் பிந்தைய வெளியீடுகள் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன. டெபியனின் டிகேஎம்எஸ் பொதியை நீக்கிவிட்டு, புதிய வெளியீட்டின் மூலநிரலை /யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடைவில் வைத்து, டிகேஎம்எஸில் சேர்த்துக்கொள்வதே முறையான வழி. இருக்கும் மூலக்கோப்பிலேயே அந்தச் சார்பின் பெயரை மாற்றியும் முயலலாம். ஆனால் பொதி புதுப்பிக்கப்படும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும்.

ஆயினும் இதைச் சரிசெய்தவுடன் நிறுவல் முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, உபுண்டு 24.04இல் தொகுத்து டெபியன் 12இல் நிறுவினீர்கள் என்ற செய்திதான். முன்னதில் ஜிலிப்சி (சி நிரல்களின் அடிப்படை நூலகம்) 2.39, பின்னதில் 2.36. கெர்னல் படிமமும் அதன் மாட்யூல்களும் ஜிலிப்சியைச் சார்ந்தவை அல்ல. அதனால் அவை எங்கே தொகுக்கப்பட்டாலும் இயங்கும். ஹெடர்ஸ் பொதி அப்படிப்பட்டதன்று. பெயரைப் பார்த்து அதில் வெறும் ஹெடர் கோப்புகளே இருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். வெளி மாட்யூல்களைத் தொகுப்பதற்குத் தேவையான ஆப்ஜ்டூல், மாட்போஸ்ட், ஃபிக்ஸ்டெப் போன்ற உதவி நிரல்களும் அதற்குள் இருக்கின்றன. அவை சாதாரண நிரல்கள். தொகுத்த கணினியின் ஜிலிப்சியோடு பிணைக்கப்பட்டவை.

2023 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சி 2.38இல், சி23 தரத்துக்கேற்ப இரும எண் முன்னொட்டையும் ஏற்கும் எண்மாற்றச் சார்புகள் புதிய உட்பெயர்களில் சேர்க்கப்பட்டன. அந்தப் பதிப்பிலோ அதற்குப் பிந்தையதிலோ தொகுக்கப்பட்ட நிரல், எழுத்துச் சரத்தை எண்ணாக மாற்றும் வழக்கமான ஒரு சார்பை அழைத்தால்கூட, பெரும்பாலும் அந்தப் புதிய பெயர்களையே தேடும். 2.36இல் அவை இல்லை. பழையதில் தொகுத்தது புதியதில் இயங்கும்; புதியதில் தொகுத்தது பழையதில் இயங்கும் என்ற உறுதி இல்லை. 'பின்டெப்-பிகேஜி' உருவாக்கும் ஹெடர்ஸ் பொதி இந்த ஜிலிப்சித் தேவையைத் தன் தேவைப் பட்டியலில் எழுதுவதும் இல்லை. அதனால்தான் டிபிகேஜி எந்த எச்சரிக்கையும் தராமல் அதை ஏற்றுக்கொண்டது.

இதை இப்போதே சோதித்துவிடலாம். மடிக்கணினியில் /யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி/லினக்ஸ்-ஹெடர்ஸ்-6.12.10 அடைவுக்குள் சென்று, டூல்ஸ்/ஆப்ஜ்டூல் அடைவிலுள்ள ஆப்ஜ்டூல் நிரலை வெறுமனே இயக்குங்கள். ஜிலிப்சி_2.38 காணப்படவில்லை என்று அது சொன்னால் ஐயமே இல்லை.

தீர்வு, பொதிகளை டெபியன் 12இன் சூழலுக்குள் தொகுப்பதே. அதற்காக மேசைக்கணினியின் இயங்குதளத்தை மாற்ற வேண்டியதில்லை. பாட்மேன் அல்லது டாக்கர் கண்டெய்னராக (இருக்கும் இயங்குதளத்துக்குள் இயங்கும் தனித்த சூழல்) டெபியன் புக்வோர்ம், அதாவது டெபியன் 12, படிமத்தை இயக்கலாம். டெபூட்ஸ்ட்ராப் மூலம் ஒரு சிரூட் (தனி அடைவுக்குள் அமையும் டெபியன் சூழல்) அமைத்துக்கொள்வதும் நல்ல வழியே. அதற்குள் பில்ட்-எசென்ஷியல், பிசி, பைசன், ஃப்ளெக்ஸ், ஆர்சிங்க், கேமாட், டெப்ஹெல்பர், லிப்எல்ஃப்-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், ட்வார்வ்ஸ் ஆகியவற்றை நிறுவிக்கொள்ளுங்கள். இதனால் ஜிசிசி பதிப்பும் ஒன்றுபடும், உபுண்டு 24.04இன் 13ஆம் பதிப்பில் தொகுத்த கெர்னலுக்கு டெபியனின் 12ஆம் பதிப்பில் மாட்யூல் தொகுக்கும்போது எழும் எச்சரிக்கையும் மறையும்.

மறுமொழி 3

லினக்ஸ்-லிப்சி-டெவ் பிழையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. ஏபிடி முடங்கிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பொதி கெர்னலை இயக்குவதற்குத் தேவையே இல்லை. சி நிரல்கள் கெர்னலோடு பேசுவதற்கான ஹெடர் கோப்புகளை லிப்சி6-டெவ் பொதிக்கு வழங்குவதே அதன் வேலை. அந்த இடத்தில் டெபியன் தரும் பதிப்பு இருப்பதே நல்லது. ஒரே கணினியில் இரு கட்டமைப்புகளுக்கு அது நிறுவப்பட்டிருந்தால், இரண்டும் துல்லியமாக ஒரே பதிப்பில் இருக்க வேண்டும் என்பது டிபிகேஜியின் விதி. நீங்கள் ஏஎம்டி64 வடிவத்தை மட்டும் 6.12.10க்கு உயர்த்திவிட்டீர்கள், ஐ386 வடிவம் 6.1இலேயே நிற்கிறது. 6.12 என்பது டெபியன் 12இன் வழக்கமான களஞ்சியத்தில் உள்ளதைவிட உயர்ந்த எண் என்பதால், எத்தனை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்தாலும் ஏபிடி இதைத் தானாகச் சரிசெய்யாது.

அதை நீக்கிவிட முயல வேண்டாம். லிப்சி6-டெவ் அதைச் சார்ந்திருப்பதால், நீக்கினால் தொகுப்புக் கருவிகள் பலவும் சேர்ந்து வெளியேறும். 'ஏபிடி பாலிசி' கட்டளையால் ஐ386 வடிவத்தின் பதிப்பு எண்ணைப் பார்த்து, ஏஎம்டி64 வடிவத்தின் அதே பதிப்பை 'ஏபிடி டவுன்லோட்' மூலம் இறக்கி, 'டிபிகேஜி -ஐ' கொண்டு அதன்மேல் நிறுவுங்கள். பதிப்பு இறங்குகிறது என்று டிபிகேஜி எச்சரித்துவிட்டு வேலையை முடித்துவிடும்.

இனிமேல் அடைவிலுள்ள எல்லா டெப் கோப்புகளையும் ஒருசேர நிறுவும் வழக்கத்தைக் கைவிடுங்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இமேஜ், ஹெடர்ஸ் என்ற இரண்டை மட்டும் பெயர் சொல்லி, ஒரே கட்டளையில் நிறுவினால் போதும். ஒரே கட்டளையில் தருவது முக்கியம். அப்போதுதான் இமேஜ் பொதியின் ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் ஹெடர் கோப்புகள் விரிக்கப்பட்டுத் தயாராக இருக்கும். டிபிஜி பொதி, கெர்னலையே பிழைதிருத்துபவர்களுக்கு உரியது.

கேள்வி கேட்டவர்

லினக்ஸ்-லிப்சி-டெவ் சரியாகிவிட்டது. வி4எல்2லூப்பேக்கின் புதிய வெளியீட்டை வைத்துப் பார்த்தபோது எஸ்டிஆர்எல்சிபிஒய் பிழை மறைந்து, முன்பே கணித்துச் சொன்னபடி, ஆப்ஜ்டூல் நிரல் ஜிலிப்சி_2.38 இல்லை என்று நின்றது.

பிறகு மேசைக்கணினியில் பாட்மேன் வழியாக டெபியன் 12 கண்டெய்னரை இயக்கி, ஏற்கெனவே இருந்த மூலநிரல் அடைவை அதனுள் இணைத்து, 'மேக் கிளீன்' கொடுத்துவிட்டுத் தொகுக்கத் தொடங்கினேன். தொடங்கிய சிறிது நேரத்திலேயே அதே ஜிலிப்சி_2.38 பிழையுடன் தொகுப்பு நின்றுவிட்டது. கண்டெய்னருக்குள் ஜிலிப்சி 2.36தான் இருக்கிறது என்பதை உறுதிசெய்துவிட்டேன். அப்படியிருக்க இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது?

மறுமொழி 2 எழுதியவர்

பழைய மூலநிரல் அடைவிலிருந்து வருகிறது. 'மேக் கிளீன்' எல்லாவற்றையும் துடைப்பதில்லை. கன்ஃபிக் கோப்பையும், வெளி மாட்யூல்களைத் தொகுக்கத் தேவையான உதவி நிரல்களையும் அது வேண்டுமென்றே விட்டுவைக்கிறது. அந்த உதவி நிரல்கள் உபுண்டுவில் தொகுக்கப்பட்டவை. அவை இருக்கும்வரை, புதிய சூழலிலும் மேக் அவற்றையே எடுத்து இயக்கப் பார்க்கும். 'மேக் எம்ஆர்ப்ராப்பர்' இன்னும் ஆழமாகத் துடைக்கும். ஆனால் ஆப்ஜ்டூல் போன்றவை டூல்ஸ் அடைவில் தனக்கெனத் தனி மேக்ஃபைல் கொண்டு தொகுக்கப்படுபவை. அதையும் முழுதாக நம்பியிருக்க வேண்டாம்.

மூலநிரல் பொதியைக் கண்டெய்னருக்குள் புதிதாக விரித்து, பழைய அடைவிலிருந்து .கன்ஃபிக் கோப்பை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே மீண்டும் ஒருமுறை 'மேக் ஓல்ட்டெப்கன்ஃபிக்' கொடுக்க வேண்டும். தொகுப்பியின் பதிப்பு மாறியிருப்பதால் சில தெரிவுகள் அதற்கேற்ப மாறும். சான்றிதழ் கோப்பு ஒன்றை உருவாக்க விதி இல்லை என்று தொகுப்பு நின்றால், சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ் என்ற தெரிவில் வழங்கலின் சொந்தக் கோப்புப் பாதை எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். அதன் மதிப்பை வெறுமையாக்கிவிடுங்கள்.

தொகுப்பதற்கு முன் லோக்கல்வெர்ஷன் தெரிவில் '-டி12' போன்ற ஒரு சிறு பின்னொட்டை வைத்துக்கொள்ளுமாறும் பரிந்துரைக்கிறேன். இல்லையென்றால் புதிய கெர்னலும் 6.12.10 என்ற அதே வெளியீட்டுப் பெயரைப் பெறும். புதிய அடைவில் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால் பொதியின் பதிப்பு எண்ணும் பழையதைப் போலவே அமைந்துவிடும். அதைவிடத் தொல்லையானது, பழைய தொகுப்புக்காக டிகேஎம்எஸ் உருவாக்கிய மாட்யூல்கள் ஏதேனும் இருந்தால், அதே பெயர் என்பதால் அவை மீண்டும் தொகுக்கப்படாமல் நிற்கும். ஏற்றும் நேரத்தில் குறியீட்டுப் பதிப்பு பொருந்தவில்லை என்ற பிழை வரும். பின்னொட்டில் சிற்றெழுத்து, எண், இணைப்புக்குறி மட்டும் இருக்கட்டும். பேரெழுத்தையும் அடிக்கோட்டையும் டெபியன் பொதிப்பெயர்களில் ஏற்பதில்லை.

மறுமொழி 4

புதிய பொதிகளை நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய சிலவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன்.

6.1 கெர்னலில் கணினியைத் தொடங்கி, அரைகுறையாக நிற்கும் 6.12.10இன் இமேஜ், ஹெடர்ஸ், டிபிஜி பொதிகளை 'டிபிகேஜி --பர்ஜ்' மூலம் அகற்றிவிடுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலை அதனுள் இருந்தபடியே நீக்க வேண்டாம். டெபியனின் 6.1 கெர்னல் எப்போதும் கணினியில் இருக்கட்டும். சொந்தக் கெர்னல் எவ்வளவு நன்றாக ஓடினாலும், ஒருநாள் தொடங்க மறுத்தால் திரும்பி நிற்பதற்கு அது ஒன்றே இடம்.

அடுத்து, 'டிஎஃப்' கட்டளையால் /பூட் பகிர்வின் காலியிடத்தைப் பாருங்கள். /பூட் தனிப் பகிர்வாக இருந்து அது நிறைந்திருந்தால், இனிட்ராம்எஃப்எஸ் ஹூக் இடமில்லை என்று தோற்கும். டிபிகேஜி காட்டும் கடைசி வரி மட்டும் நீங்கள் இப்போது பார்த்த அதே வரியாகவே இருக்கும். இனிட்ராம்எஃப்எஸ்.கன்ஃப் கோப்பில் மாட்யூல்ஸ் என்ற மதிப்பை 'மோஸ்ட்' என்பதிலிருந்து 'டெப்' என்று மாற்றினால், அந்தக் கணினிக்கு வேண்டிய இயக்கிகள் மட்டுமே இனிட்ஆர்டியில் சேர்ந்து அதன் அளவு வெகுவாகக் குறையும். வட்டை வேறொரு கணினிக்கு மாற்றிப் பயன்படுத்துபவர்கள் இதைச் செய்யக் கூடாது.

உங்கள் கெர்னல் தொடங்குகிறது என்பதால் செக்யூர் பூட் அணைக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அது இயக்கத்தில் இருக்கும் கணினியில் கையொப்பமிடாத சொந்தக் கெர்னலை கிரப் ஏற்றாது. எம்ஓகே சாவி (கணினி உரிமையாளரின் சொந்தக் கையொப்பச் சாவி) ஒன்றை உருவாக்கி, மோக்யூட்டில் மூலம் பதிந்து, எஸ்பிசைன் கொண்டு படிமத்தில் கையொப்பமிட வேண்டும். நிறுவல் எந்தப் பிழையும் இல்லாமல் முடிந்து, தொடங்கும்போது மட்டும் தடைபடும் என்பதால் அது வேறு வகைச் சிக்கல்.

நிறுவும்போது 'டிபிகேஜி -ஐ' என்பதற்குப் பதிலாக, இரண்டு கோப்புகளின் பாதையையும் தந்து 'ஏபிடி இன்ஸ்டால்' கொடுங்கள். முழு வெளியீடும் /வார்/லாக்/ஏபிடி அடைவிலுள்ள டெர்ம்.லாக் கோப்பில் தானாகப் பதிவாகும்.

கேள்வி கேட்டவர்

புதிதாக விரித்த அடைவில் தொகுத்த 6.12.10-டி12 பொதிகள் இரண்டும் நிறுவப்பட்டுவிட்டன. டெர்ம்.லாக் கோப்பில் டிகேஎம்எஸ், இனிட்ராம்எஃப்எஸ், கிரப் என்ற வரிசையில் மூன்று ஹூக்குகளும் பிழையின்றி முடிந்திருக்கின்றன. வி4எல்2லூப்பேக் ஏறுகிறது, 'டிபிகேஜி --ஆடிட்' எதையும் காட்டவில்லை, ஏபிடியும் வழக்கம்போல் வேலை செய்கிறது. பொறுமையுடன் விளக்கிய அனைவருக்கும் நன்றி.